ரீபாண்டிங் முடியும் உப்புத் தண்ணியும்

பார்லரில் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்து, சுருள் முடியை நேராக்கும் ரீபாண்டிங்கோ ஸ்மூத்தனிங்கோ முடித்து எழும்போது, "மூணு நாள் தலைக்குக் குளிக்காதீங்க, எண்ணெய் வைக்காதீங்க, முடியைக் கட்டாதீங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த மூன்று நாளை எல்லோரும் பயபக்தியோடு கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் முடி கெடுவது மூன்றாவது, நான்காவது மாதத்தில்தான். கெடுப்பது பெரும்பாலும் குளியலறைக் குழாயில் வரும் தண்ணீரும், ஈர முடியில் நாம் கை வைக்கும் விதமும்.

முடிக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளைக் குறுக்கே பிடித்து வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். முடி சுருளாக இருப்பதா நேராக இருப்பதா என்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பார்லரில் முதலில் தடவும் கிரீமில் இருப்பது அமோனியம் தயோகிளைகோலேட். பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை) 9க்கு மேல், காரத்தன்மை உள்ளது. அது பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுக்கிறது. அயர்னால் முடியை நேராக்கிய பிறகு தடவும் இரண்டாவது கிரீம், பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு, அறுந்தவற்றைப் புது நிலையில் மறுபடி மூட்டுகிறது. எல்லாம் சேர்வதில்லை. சேராமல் நிற்பவற்றில் கொஞ்சம் அடுத்த சில நாட்களில் காற்றுப் பட்டுச் சேரும். அதற்குள் கிளட்சர் போட்டாலோ காதுக்குப் பின்னால் செருகினாலோ அந்த மடிப்பு அப்படியே நின்றுவிடலாம். மூன்று நாள் விதிக்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் அந்தக் காரக் கிரீம் எடுத்துக்கொண்டு போகிறது. முடியின் மேல் பிறவியிலேயே ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கும், தாமரை இலை போலத் தண்ணீரை ஒட்டவிடாமல் வைப்பது அதுதான். அது போய்விட்டால் திரும்ப வராது. ரீபாண்டிங்குக்குப் பிறகு தலை காய முன்பைவிட அதிக நேரம் ஆகிறதே, அதன் பொருள் முடி தண்ணீரை உறிஞ்சுகிறது என்பது. தண்ணீரோடு சேர்த்து அதில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் உறிஞ்சுகிறது. கிரீமால் அடிபட்ட முடியில் எதிர்மின் ஏற்றம் கூடுதலாக இருப்பதால், இந்த இரண்டு உப்புகளும் சாதாரண முடியைவிட அதில் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

சென்னையில் போர் தண்ணியை நம்பி இருக்கும் அடுக்குமாடிகளிலும், சுண்ணாம்புக் கல் மேல் உட்கார்ந்திருக்கும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணியிலும் இந்தப் பிரச்சினை தினசரி. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. உங்கள் வீட்டுத் தண்ணி எந்தப் பக்கம் என்று தெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதா, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் உண்டென்றால், முடி மொடமொடவென்று இருப்பதற்கு ஷாம்புவை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் தேட வேண்டியதில்லை. ஷாம்பு போடுவதும் அலசுவதும் போர் தண்ணியிலேயே நடக்கட்டும். கடைசி ஒன்றரை லிட்டர் மட்டும் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணியோ, கேன் தண்ணியோ, மழை நாளில் சுத்தமான மாடியில் பிடித்து வைத்த தண்ணியோ போதும். கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேல் தண்ணியை மட்டும் வடித்தாலும் கடினத்தன்மையில் ஒரு பகுதி இறங்கும். படிகாரம் போடுவது கலங்கலைத் தெளிய வைக்குமே தவிர, இந்த உப்புகளை எடுக்காது. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சேமித்துத் தலைக்கு ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குழாய்த் தண்ணியில் இருந்ததைவிட அதில் உப்பு அதிகம். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசித் தண்ணியில் கொஞ்சம் வினிகர் சேர்ப்பது நல்ல பழக்கம். மளிகைக் கடை வெள்ளை வினிகரில் பெரும்பாலும் 4 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். கேன் தண்ணி என்றால் ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. போர் தண்ணியிலேயே செய்வதென்றால் 15 மி.லி. அளவு ஏன் மாறுகிறது என்றால், உப்புத் தண்ணியில் இருக்கும் பைகார்பனேட் வினிகரின் புளிப்பில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். நமக்கு வேண்டியது பி.எச். நாலு, நாலரை அளவுக்கு லேசான புளிப்பு. அதில் முடியின் மேல் செதில்கள் படிந்து உட்காரும். எலுமிச்சையைக் கண்ணளவாகப் பிழிவதைவிட, அளந்து ஊற்றும் வினிகரையே நான் சொல்வேன். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் ஆறும்வரை இரண்டும் வேண்டாம்.

மாதம் ஒருமுறை, ஏற்கெனவே படிந்த உப்பை இழுத்து வெளியேற்றும் ஷாம்பு ஒன்றைப் போடலாம். புட்டியின் பின்னால் பொருள் பட்டியலில் ஈ.டி.டி.ஏ. என்ற பெயர் கொஞ்சம் மேலேயே இருக்க வேண்டும். கடைசி வரியில் இருப்பது ஷாம்பு கெடாமல் இருக்கச் சேர்த்தது, முடிக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

இனி குளியல். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளித்தால் போதும். வியர்த்துக் கொட்டும் சித்திரை வைகாசியில் இடையில் ஒரு நாள் வெறும் தண்ணியும் கண்டிஷனரும் மட்டும். தலையை நனைக்கும் முன்பே, முடி காய்ந்திருக்கும்போதே, அகலப் பல் சீப்பால் சிக்கை எடுத்துவிடுங்கள். நுனியில் தொடங்கி, நாலு விரல் நாலு விரலாக மேலே வர வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் சிக்கு முழுவதும் கீழே போய் ஒரு முடிச்சாகும், அங்கேதான் முடி அறும். தோள் தாண்டிய முடிக்கு இரண்டு டீஸ்பூன் ஷாம்பு தாராளம். அதை ஒரு மக் தண்ணியில் கலக்கித் தலைத்தோலில் மட்டும் ஊற்றி விரல் நுனியால் தேய்க்க வேண்டும். கீழ் முடிக்கு, அலசும்போது வழியும் நுரையே போதும். துணி துவைப்பது போல முடியை உச்சியில் குவித்துக் கசக்குவது சாதாரண முடிக்கே ஆகாது, இதற்கு நிச்சயமாக ஆகாது.

குளியல் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். சோப்பு காரம், உப்புத் தண்ணியோடு சேர்ந்து மெழுகு போலப் படியும். சமையல் சோடாவும் அப்படியே. சீயக்காய் விஷயம் வேறு. அதன் தண்ணீர் லேசான புளிப்பு உள்ளது, அந்த வகையில் நல்லதுதான். சிக்கல் தூளில் இருக்கும் நருநருப்பு. செதில் கிளம்பிய முடியில் அது உப்புத்தாள் வேலை பார்க்கும். சீயக்காயோ அரப்போ விட மனசில்லை என்றால், முதல் நாள் இரவே ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். வெந்தயத்துக்கும் இதே கதை. இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்தயத்தை இரண்டு டம்ளர் தண்ணியில் இரவு ஊறவைத்து, காலையில் லேசாகச் சூடாக்கினால் வழவழப்பாக வரும் நீர் சிக்கெடுக்க அருமையானது. அரைத்த விழுதை அப்பினால் திப்பியை எடுக்க ஒரு மணி நேரம் சீப்பால் போராட வேண்டும். அந்தப் போராட்டத்தில் போகும் முடி, வெந்தயம் தந்த பலனைவிட அதிகம்.

முட்டை பற்றி ஒரு வார்த்தை. பச்சை முட்டைப் புரதத்தின் மூலக்கூறு முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. மேலே பூசி நிற்கும், காய்ந்தால் விறைக்கும், வெந்நீர் பட்டால் வெந்து ஒட்டிக்கொள்ளும். முடிக்குப் புரதம் தர வேண்டுமென்றால், சிறு துண்டுகளாக உடைத்த புரதம் சேர்ந்த கண்டிஷனர்தான் வழி. பட்டியலில் ஹைட்ரோலைஸ்டு கெரட்டின், ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன் என்று போட்டிருப்பார்கள். மாதம் இரண்டு முறை போதும். அதற்கு மேல் போனால் முடி துடைப்பக் குச்சி போல ஆகும்.

கண்டிஷனரைக் காதுக்குக் கீழே தொடங்கித் தடவி, மூன்று நிமிடம் விட்டு, அது இருக்கும்போதே விரலால் கோதி அலசுங்கள். அதிலுள்ள நேர்மின் ஏற்றப் பொருள், முடி எங்கே அதிகம் அடிபட்டதோ அங்கேதான் அதிகம் ஒட்டும். இந்த முடிக்குத் தினசரிப் பாதுகாப்பு இதுதான். ஷாம்புவில் விலை பார்த்தாலும் கண்டிஷனரில் பார்க்காதீர்கள். டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன் இருப்பது குற்றமில்லை. போன கொழுப்புப் படலத்துக்குப் பதிலாக உராய்வைக் குறைப்பது அதுதான். துவட்டுவதற்குச் சொரசொரப்பான டர்க்கி டவல் வேண்டாம், நைந்த பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுங்கள். முடியைத் துண்டோடு முறுக்கிக் கொண்டை போடுவதும் துண்டால் அடிப்பதும் நிற்கட்டும். ஈரத்தில் முடியின் பலம் குறைவு, ரப்பர் போல நீளும், நீண்டது முழுதாகத் திரும்பாது. ஈரத்தோடு பின்னுவதும் இதனால்தான் கூடாது.

எண்ணெயே வைக்கக் கூடாது என்று பல பார்லர்களில் சொல்கிறார்கள். முதல் வாரத்துக்குச் சரி. அதற்குப் பிறகும் தடை போடுவது தவறு. மறுபடி சேர்ந்த பிணைப்பைத் தேங்காய் எண்ணெய் அறுக்காது, முடியைச் சுருட்டியும் விடாது. 2003இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. துவைக்கும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் கண்கூடாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது, அதனால் முடிக்குள் போகிறது. ஊறிய எண்ணெய், தண்ணீரை அளவுக்கு மீறி உள்ளே விடாது. ஆகவே தலைக்குக் குளிப்பதற்கு முந்தின இரவோ, குறைந்தது ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு டீஸ்பூன் எண்ணெயை நீளத்துக்கும் நுனிக்கும் தடவுங்கள். கெடுதல் வருவது ஒழுக ஒழுக வைத்து, அதை எடுக்க மூன்று முறை ஷாம்பு போடும்போதுதான்.

ஆறு மாதத்தில் முடி ஏழு சென்டிமீட்டர் அளவு புதிதாக வளர்ந்திருக்கும், மேலே அலை, கீழே நேர். இரண்டும் சந்திக்கும் அந்த விரல் அகல இடம்தான் மொத்த முடியிலும் பலவீனமானது. ரப்பர் பேண்டு, உச்சிக் குதிரைவால், ஹெல்மெட் விளிம்பு எல்லாம் விழுவது சரியாக அங்கே. துணி சுற்றிய பேண்டு போட்டு, கட்டும் இடத்தைத் தினமும் மாற்றுங்கள். ஹெல்மெட்டுக்குள் வழவழப்பான சாட்டின் துணி ஒன்று கட்டிக்கொள்ளலாம். வேரில் அலை தெரிகிறதே என்று தினமும் அயர்ன் வைப்பவர்கள் அந்தச் சந்திப்பைத்தான் சுடுகிறார்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் முடி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், 150 டிகிரி செல்சியஸ், ஒரே இழுப்பு. ஈரமிருந்தால் உள்ளே தண்ணீர் கொதித்து முடித்தண்டில் குமிழி விழும், அந்த இடத்தில் முடி ஒடிவது உறுதி.

சீப்பில் முடி வந்தால் பதறும் முன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது, நாளுக்கு ஐம்பது முதல் நூறு வரை எல்லோருக்கும் போகும். குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் அறுந்தது. அந்தத் துண்டின் நீளத்தை அளந்தால் எங்கே அறுகிறது என்பதும் தெரியும். அறுவதற்கு மருந்து மேலே சொன்ன கவனிப்பு. வேரோடு உதிர்வது மாதக்கணக்கில் நூறுக்கு மேல் போனால் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும், அதற்கு இரும்புச்சத்து, தைராய்டு என்று வேறு காரணங்கள் இருக்கலாம்.

ஈரமான ஒற்றை முடியை இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பினால் நலம். சவ்வு மாதிரி நீண்டுகொண்டே போய்த் திரும்பாவிட்டால் கிரீம் அளவுக்கு மீறி நின்றிருக்கிறது. அந்த முடிக்கு இனி கலரும் வேண்டாம், டச் அப்பும் (புதிதாக வளர்ந்த பகுதியை நேராக்க மறுபடி கிரீம் போடுவது) வேண்டாம், வெட்டி வெட்டித்தான் கழிக்க வேண்டும். முடி நன்றாக இருந்தாலும் டச் அப்புக்கு எட்டு மாதமாவது பொறுங்கள். கிரீம் புது வளர்ச்சியில் மட்டும் படவேண்டும் என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். பழைய பகுதியைக் கண்டிஷனர் பூசி மறைக்கச் சொன்னால் நல்ல பார்லரில் மறுக்க மாட்டார்கள். கலர் அடிப்பதற்கும் இதற்கும் இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள். பாக்கெட்டில் வரும் கருப்பு மெஹந்தி போட்ட பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிலவற்றில் உலோக உப்பு இருக்கும், பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடேறி அறும்.

லண்டன், பாரிஸ், டொரான்டோவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே கடைகளில், முடியை நேராக்க வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ரிலாக்ஸர் பெட்டி கிடைக்கும். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இறுகிய சுருள் முடிக்காகச் செய்தது. சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது குவானிடின் ஹைட்ராக்சைடு, பி.எச். 12க்கு மேல். அது கந்தகப் பிணைப்பை மூட்டித் தராது, நிரந்தரமாக மாற்றிவிடும். ஊரில் ரீபாண்டிங் செய்து வந்த முடியின் மேல், விலை குறைவு என்று அந்தப் பெட்டியைத் திறந்தால் முடி கையோடு வந்துவிடும். தயோகிளைகோலேட் (ரீபாண்டிங் கிரீம்) பட்ட முடிக்கு ஹைட்ராக்சைடு கூடாது, ஹைட்ராக்சைடு பட்டதற்குத் தயோகிளைகோலேட்டும் கூடாது. பழைய பகுதி முழுவதும் வெட்டிப் போன பிறகே மாற முடியும்.