பெயரில்லாத ஓவியரைத் தேடி ஐந்து ஊர்கள்: ஃபிராங்க்ஃபர்ட் முதல் திஜோன் வரை

நேற்று இரவுதான் கொலோனுக்குத் திரும்பினேன். பை இன்னும் கதவோரத்தில் பிரிக்காமல் கிடக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த மெழுகுவர்த்தியைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் எழுத வராது.

திஜோன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு மரப்பலகை. ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. கூரை பிய்ந்துபோன மாட்டுக்கொட்டகை, வெறுந்தரையில் பச்சைக் குழந்தை, வெள்ளை உடையில் மண்டியிட்ட மரியாள். பக்கத்தில் வயதான சூசையப்பர். ஒரு கையில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, காற்றில் அணையாமல் மறுகையால் மறைக்கிறார். பின்னால் மலைக்கு மேலே சூரியன் உதிக்கிறது. விடிந்த பிறகு மெழுகுவர்த்தி எதற்கு? 1373-ல் இறந்த சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா தான் கண்ட காட்சியில், குழந்தையிடமிருந்து வந்த ஒளியின் முன்னால் சூசையப்பர் கொண்டுவந்த விளக்கொளி ஒன்றுமில்லாமல் போனது என்கிறார். ஓவியர் அதைத்தான் வரைந்திருக்கிறார். அந்தச் சுடர் மங்கலாக இருக்கிறது, வேண்டுமென்றே மங்கலாக. நான் அதன் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன்.

இந்தப் படத்தில் கையெழுத்து இல்லை. வரைந்தவருக்கு நூறாண்டுக்கும் மேலாக வழங்கிவரும் பெயர் "ஃபிளெமால் ஓவியர்". அது அவருடைய பெயரே அல்ல. உண்மையில் அவர் யார் என்பதைக் கைவண்ணத்தை வைத்தே கண்டுபிடிக்கப் பார்த்த கதையைத் தேடித்தான் ஐந்து ஊர் சுற்றினேன். மதுரையிலிருந்து அக்கா போனில் கேட்டாள்: "ஏன்டா, பேரே தெரியாத ஆளோட படத்தைப் பாக்கவா இவ்வளவு காசு?" ஆமாம் அக்கா, அதற்குத்தான்.

முதல் ஊர் ஃபிராங்க்ஃபர்ட். ஷ்டேடல் அருங்காட்சியகம் வியாழக்கிழமை இரவு வரை திறந்திருக்கும், அந்த நாளில் போங்கள், கூட்டம் குறைவு. நுழைவுச்சீட்டுக்கே என் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போய்விட்டது. மனசு அடித்துக்கொண்டது. உள்ளே போனதும் அந்த நினைப்பு போய்விட்டது. ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மூன்று பலகைகள்: குழந்தைக்குப் பாலூட்டும் மரியாள், இயேசுவின் முகம் பதிந்த துணியை ஏந்திய வெரோனிக்கா, கல்சிலை போலவே சாம்பல் நிறத்தில் தீட்டிய திரித்துவம். வெரோனிக்கா ஒரு கிழவி. அவள் கையிலுள்ள துணி மெல்லிசு, பின்னால் இருப்பது துணி வழியாகத் தெரிகிறது. விரல் நுனியால் மட்டும் பிடித்திருக்கிறாள், அழுத்திப் பிடித்தால் கிழிந்துவிடும் என்பதுபோல. திரித்துவப் பலகை முன்பு இதே வெரோனிக்காவின் பின்பக்கமாக இருந்தது, பிறகு அறுத்துப் பிரித்திருக்கிறார்கள்.

1849-ல் ஷ்டேடல் இவற்றை வாங்கியபோது, ஃபிளெமால் என்ற ஊரின் மடத்திலிருந்து வந்தவை என்று சொல்லப்பட்டது. 1898-ல் ஹூகோ ஃபோன் சூடி என்ற கலை வரலாற்றாளர், இந்தப் பலகைகளோடு கைவண்ணம் ஒத்துப்போகும் மற்ற படங்களையும் சேர்த்து ஒரே ஓவியருடையவை என்று தொகுத்தார். பெயர் தெரியாததால் ஊர்ப்பெயரை வைத்தார். பிறகுதான் தெரிந்தது, ஃபிளெமாலில் அப்படி ஒரு மடமே இருந்ததில்லை.

மடம் இல்லையென்று தெரிந்தும் அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் கொலோனிலிருந்து ரயிலேறி பெல்ஜியத்தின் லியேஜ். சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்த கியமென் ரயில் நிலையம் 2009-ல் திறந்தது, வெள்ளை வளைவுகளோடு கண்ணைப் பறிக்கிறது. அதற்கு வெளியேதான் வினை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு டாக்சிக்காரர், ஃபிளெமாலா, ஏறுங்கள் என்றார். மீட்டர் போடவில்லை. கேட்டேன், கையை மட்டும் ஆட்டினார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, இறங்கும்போது 45 யூரோ என்றார். மீட்டர் எங்கே என்றேன். பிரெஞ்சில் ஏதோ கத்தினார். பை டிக்கியில் இருந்தது, கொடுத்துத் தொலைத்தேன். நாற்பத்தைந்து யூரோ! எனக்கு இரண்டு இரவு தங்கும் காசு. கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் ஃபிளெமால்-ஓத் ரயில் நிலையம். லியேஜிலிருந்து உள்ளூர் ரயில் அங்கே வந்து நிற்கிறது. திரும்பும்போது அதில்தான் வந்தேன், சில்லறைக் காசுதான் ஆனது. இதைப் படிப்பவர் யாரும் அங்கே டாக்சி ஏறாதீர்கள். ஏறியே ஆக வேண்டுமென்றால் மீட்டர் போட்ட பிறகு பையை வையுங்கள்.

ஊர் எப்படி என்றால், மியூஸ் ஆற்றங்கரையில் பழைய இரும்பு எஃகுப் பட்டறை நிலம். பக்கத்து ஊரான செராங்கில் ஜான் காக்கரில் 1817-ல் தொடங்கிய ஆலையால் இந்தப் பகுதியே புகையும் கரியுமாக வளர்ந்தது. செங்கல் வீடுகள், புகைபோக்கி, ஈரமான சாலை. ஐரோப்பிய ஓவியத்தைப் புரட்டிப்போட்ட ஒரு மனிதரை உலகம் இந்த ஊரின் பெயரால்தான் அழைக்கிறது. அவர் இந்த ஊருக்கு வந்ததற்கு ஒரு சான்றும் இல்லை. ஆற்றங்கரையில் நின்று லியேஜ் வாஃபிள் ஒன்று தின்றேன். சர்க்கரைக் கட்டிகள் உருகி ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. அது மட்டும் அருமை.

சரி, பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதற்கு மூன்றாவது ஊர், பெல்ஜியத்தின் துர்னே. ஐந்து கோபுரப் பேராலயம், மேகம் கோபுரத்தில் தொட்டுக்கொண்டு நின்றது. 1999 ஆகஸ்ட் புயலில் ஆட்டம் கண்ட கட்டடம், இன்னும் வேலை நடக்கிறது. இந்த ஊரில் 1406 முதல் ராபர்ட் காம்பின் என்ற ஓவியர் பட்டறை வைத்திருந்தார். வசதியானவர். ஊர்க்கலகத்தில் எழுந்த வழக்கில் சாட்சி சொல்ல மறுத்ததற்காக 1429-ல் தெற்குப் பிரான்ஸின் சான்-ஜீலுக்குப் புனிதயாத்திரை போகும்படி தண்டித்தார்கள். 1432-ல் மனைவி இருக்க வேறொரு பெண்ணோடு வாழ்ந்தார் என்று நாடுகடத்தத் தீர்ப்பு, பெரிய இடத்துப் பெண்மணி ஒருவர் பரிந்து பேசியதால் அபராதத்தோடு போயிற்று. 1444-ல் காலமானார். இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. அவர் சிலைகளுக்கு வண்ணம் பூசிக் கூலி வாங்கிய கணக்குகூட இருக்கிறது. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட், திஜோன் பலகைகளை வரைந்தவர் காம்பின் என்று ஒரு கையெழுத்தோ, ஒரு ரசீதோ கிடையாது.

ஏட்டில் இன்னொன்று இருக்கிறது. அதுதான் சாவி. 1427-ல் காம்பினிடம் இரண்டு பேர் சீடர்களாகப் பதிகிறார்கள். ஒருவர் ரோஜெலே த ல பாஸ்தூர், இன்னொருவர் ஜாக் தாரே. "பாஸ்தூர்" என்றால் பிரெஞ்சில் மேய்ச்சல் நிலம். அதையே டச்சு மொழியில் சொன்னால் "வெய்டென்". ஆம், பிரஸ்ஸல்ஸ் போய்ப் பெரும்புகழ் பெற்ற ரோஹியர் வான் டெர் வெய்டென்தான் அவர். (1426 நவம்பரிலேயே "மாஸ்டர் ரோஜியே" என்று ஒருவருக்கு நகரசபை மது வழங்கியிருக்கிறது. மாஸ்டரானவர், அதாவது தனியே தொழில் நடத்தத் தகுதி பெற்றவர், மறுவருடம் எப்படிச் சீடராகப் பதிந்தார் என்று இன்றும் சண்டை நடக்கிறது.) தாரேயோ 1418 முதலே காம்பின் வீட்டில் வளர்ந்தவர். இருவரும் 1432-ல் மாஸ்டர் ஆனார்கள்.

தாரே பெரிய ஓவியர் இல்லை. ஆனால் அவருடைய படங்களுக்கு ஆவணம் இருக்கிறது. அராஸ் நகரின் சான்-வாஸ்ட் மடத்துக்காக 1433 முதல் 1435 வரை அவர் வரைந்த பலகைகளில் நான்கு இன்று மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன: பெர்லினில் இரண்டு, மாட்ரிட்டில் ஒன்று, பாரிஸில் ஒன்று. பெல்ஜிய அறிஞர் ஜார்ஜ் ஹூலின் த லோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றைப் பார்த்துவிட்டு முடிச்சைப் போட்டார். தாரேயின் கையில் ஃபிளெமால் ஓவியரின் சாயல். ரோஹியரின் கையிலும் அதே சாயல். இருவருக்கும் ஆசான் ஒருவர்தான். அப்படியானால் அந்தப் பெயரில்லாதவர் ராபர்ட் காம்பின். எனக்கு இந்த வழியில் மயிர்க்கூச்செறிகிறது. ஆசானின் கையை யாரும் எழுதிவைக்கவில்லை, சீடனின் கை காட்டிக் கொடுக்கிறது.

1940 மே மாத ஜெர்மானியக் குண்டுவீச்சில் துர்னேயின் நகர ஆவணங்கள் எரிந்துபோயின. அதற்கு முன்பே சிலர் பொறுமையாகப் படியெடுத்து அச்சிட்டிருந்ததால்தான் இந்தக் கதை இன்று நம் கையில் இருக்கிறது. சதுக்கத்தில் ஈரமான பெஞ்சில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைத் தின்றபோது, ஐநூறு வருடத்து ஏடுகள் ஓரிரு நாளில் சாம்பலானதை நினைத்துத் தொண்டை அடைத்தது.

பாரிஸில் ஒரு பகல் மட்டும். பெத்தி பலே அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்புக்கு இலவசம், திங்கள் மட்டும் விடுமுறை. அங்கேதான் தாரேயின் நான்கு பலகைகளில் ஒன்று, கோவிலில் குழந்தையைக் காணிக்கையாக்கும் காட்சி. நேராக அதற்கு முன்னால் போய் நின்றேன். இத்தாலியின் ஜொவான்னி மொரெல்லி பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொன்ன வழி ஒன்று உண்டு. முகத்தைப் பார்க்காதே, எல்லோரும் முகத்தைக் கவனித்துத்தான் வரைவார்கள். காது, நகம், விரல் போல கை பழகிப்போய் வரைகிற இடத்தைப் பார். அவர் மருத்துவம் படித்தவர், அது தெரிகிறது. நான் துணி மடிப்பைப் பார்த்தேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் துணி கனமாக விழுந்து, தரையில் பட்டதும் முறிந்து முறிந்து பரவுகிறது. தாரேயிடமும் அப்படித்தான் முறிகிறது. ஆனால் அங்கே கனம், இங்கே வெறும் விறைப்பு. மனப்பாடம் செய்த பாடம்போல இருக்கிறது. தாரேமேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

அன்றிரவு திஜோனுக்குப் பேருந்து. விலை மலிவு என்பதால் எடுத்தேன், அதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல நல்லது ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. கழிவறைக் கதவு பூட்டியே இருந்தது. ஹீட்டர் ஓட்டுநருக்கு மட்டும் வேலை செய்தது, பின்சீட்டில் நாங்கள் கோட்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினோம். விடியாத நேரத்தில் ஒரு வெட்டவெளியில் இறக்கிவிட்டார்கள். கடை ஒன்றும் இல்லை. இன்னும் பதினைந்து யூரோ போட்டு ரயிலில் போங்கள், உடம்புக்கு நல்லது.

திஜோனில் அருங்காட்சியகம் பர்கண்டி கோமகன்களின் அரண்மனையிலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். நான் போனது திங்கள். இங்கேயும் நுழைவு இலவசம், இவ்வளவு பெரிய ஓவியத்தை ஒரு காசு வாங்காமல் காட்டும் ஊரை வாழ்த்தாமல் இருக்க முடியவில்லை.

தாரே மாட்ரிட் பலகையில் இதே பிறப்புக் காட்சியை வரைந்திருக்கிறார். போனில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு திஜோன் பலகையோடு ஒப்பிட்டேன். அதே கொட்டகை, அதே மருத்துவச்சிக் கதை, அதே சூசையப்பர், அதே மெழுகுவர்த்தி, அதை மறைக்கிற அதே கை. நம்ப மறுத்த மருத்துவச்சி சலோமேயின் கை வாடிப்போகிறது, குழந்தையைத் தொட்டால் குணமாகும் என்கிறார் தேவதூதர். அவர்கள் பேசுவது காற்றில் பறக்கும் நாடாவில் எழுதியிருக்கிறது. திஜோனில் அவளுடைய தலைப்பாகையும் பட்டு உடையும் பார்த்துத் தீராது. தூரத்தில் பாதை வளைந்து போகிறது, கிளை வெட்டிய மொட்டை மரங்கள் நிற்கின்றன, குளிர்காலம்.

இது காம்பின்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. இளவயது ரோஹியர்தான் ஃபிளெமால் ஓவியர் என்று வாதாடியவர்கள் உண்டு. 2008-09-ல் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் பெர்லினிலும் நடந்த பெரிய கண்காட்சி, ஒரே ஓவியரின் படங்கள் என்று நினைத்ததைப் பல கைகளாகப் பிரித்துப் பார்த்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், இதே ஓவியரோடு சேர்த்துப் பேசப்படும் தன்னிடமுள்ள மெரோத் பலகைகளை "காம்பின் பட்டறை" என்றே குறிக்கிறது. அகச்சிவப்புப் படம் வண்ணத்துக்கு அடியிலுள்ள கோட்டு வரைவைக் காட்டும், மர வளையம் பலகையின் வயதைச் சொல்லும், பெயரை இரண்டுமே சொல்லாது. ஆனால் திஜோனையும் வெரோனிக்காவையும் ஐந்து நாள் இடைவெளியில் பார்த்த என் கண், இரண்டும் ஒரே கை என்கிறது. அந்தக் கை வளர்த்த பையன்தான் பாரிஸில் விறைப்பாக வரைந்தவன். நான் ஹூலின் பக்கம்.

மதியம் நல்ல பசி. சந்துக்குள் ஒரு சின்னக் கடையில் "எஃப் ஆன் மெரெத்" கேட்டேன், சிவப்பு ஒயின் குழம்பில் வேகவைத்த முட்டை, இந்தப் பகுதியின் பேர்போன சாப்பாடு. கருஞ்சிவப்புக் குழம்பு, வெங்காயம், காளான், அடியில் வறுத்த ரொட்டி. முட்டையை உடைத்ததும் மஞ்சள் கரு குழம்பில் கலந்தது. (பன்றி இறைச்சித் துண்டும் போடுவார்கள், வேண்டாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) டாக்சிக்காரர் பிடுங்கிய காசில் இதை மூன்று முறை சாப்பிட்டிருக்கலாம். பயணம் முழுவதிலும் தட்டை வழித்துத் தின்றது இங்கே மட்டும்தான். தின்று முடித்து மறுபடி அருங்காட்சியகத்துக்குப் போய், மூடும்வரை அந்தச் சுடரைப் பார்த்தேன்.

அடுத்தது மாட்ரிட். தாரேயின் பிறப்புக் காட்சி இருக்கும் தைசென் அருங்காட்சியகம் திங்கட்கிழமை மதியம் 12 முதல் 4 வரை இலவசம். ஃபிளெமால் ஓவியரின் படங்களோடு சேர்த்துப் பேசப்படும் 1438-ஆம் வருடத்து வெர்ல் பலகைகள் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அங்கே மாலை 6 மணிக்கு மேல் காசில்லை. ஒரே திங்கட்கிழமையில் இரண்டையும் பார்த்துவிடலாம். விமான டிக்கெட் விலை இறங்குகிறதா என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.