நடுவில் யார்?

சேலத்தில், குகை என்ற பகுதியில் பதினாறு வருடமாக ஃபிளெக்ஸ் டிசைன் போடுகிறேன். ஆடி வந்துவிட்டால் ராத்தூக்கம் கிடையாது. பூச்சாட்டு, தீமிதி, வண்டி வேடிக்கை என்று எல்லாவற்றுக்கும் பேனர்.

போன ஆடியில் ஒரு கட்சிக்காரர்கள் வந்தார்கள். "அம்மன நடுவுல வைங்கண்ணா, பின்னாடி இந்தியா மேப்பு, ஓரத்துல தலைவரு கும்பிட்டமாதிரி."

எங்கள் ஊரில் அம்மனுக்கு எல்லை உண்டு. குகைக்கு ஒரு மாரி, செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு மாரி, அம்மாபேட்டைக்கு ஒரு மாரி. அவளைக் காஷ்மீர் வரை நீட்டச் சொன்னால்? சரி, நீட்டினேன். கிரீடம் இமயமலையைத் தொட்டது. சேலம் எங்கே என்று தேடினால் புடவைக் கொசுவத்துக்குள் போயிருந்தது.

இந்த வேலையால் எனக்குக் கொடிகளைப் பார்க்கும் கிறுக்கு ஒன்று உண்டு. ஒரு நாட்டுத் தலைவர்கள் யாரை நடுவில் வைத்தார்கள், யாரை ஓரம் கட்டினார்கள் என்பது லேஅவுட்டிலேயே தெரிந்துவிடும். இலங்கைக் கொடியில் வாளேந்திய சிங்கத்துக்குத் தனிக் கட்டம். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அதற்கு வெளியே இரண்டு பட்டை. சிங்கத்தைச் சுற்றி நாலு மூலையிலும் அரசமர இலை, பௌத்தத்தின் அடையாளம். அது 1972-இல் வந்தது. பௌத்தத்துக்கு முதலிடம் என்று அரசியலமைப்பில் எழுதியதும் அதே வருடம்தான். 1956-இல் பிக்குகளைக் கூட வைத்துக்கொண்டு ஜெயித்து, ஆட்சிமொழி சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டவர் பிரதமர் பண்டாரநாயக்கா. 1959-இல் அவரைச் சுட்டதும் ஒரு பிக்குதான்.

பாகிஸ்தான் கொடியிலும் சிறுபான்மையினருக்கு வெள்ளைப் பட்டை உண்டு, கம்பத்தை ஒட்டி. 1947 ஆகஸ்ட் 11 அன்று அந்தக் கொடியை ஏற்றுக்கொண்ட அதே அரசியல் நிர்ணய சபையில், எந்த மதமானாலும் அரசுக்கு அதில் வேலையில்லை என்று ஜின்னா பேசினார். 1956-இல் அது இஸ்லாமியக் குடியரசு ஆகிவிட்டது.

நாமும் அந்த வழியில் கொஞ்சம் போனவர்கள்தான். 1921-இல் காந்தி சொன்ன கொடியில் சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு. 1931-இல் காங்கிரஸ் சிவப்பைக் காவியாக்கி, எந்த நிறமும் எந்த மதத்துக்கும் இல்லை என்று தீர்மானம் போட்டது. டிசைனர் கண்ணுக்கு அதுதான் பெரிய கரெக்‌ஷன்.

என் பேனருக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு கரெக்‌ஷன் வந்தது. தலைவர் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறாராம், நடுவில் போடணுமாம். அம்மனை இடது மூலைக்கு நகர்த்தினேன். கொசுவத்துக்குள் இருந்த சேலம் இப்போது தலைவரின் சட்டைப்பைக்குப் பின்னால்.