92 டிகிரிக்காகக் காத்திருந்த குடும்பம்

அப்பா ஜீப்பின் ரேடியேட்டருக்கு, அதாவது இன்ஜின் தண்ணீரை ஆற்றுவதற்கு, கரன்ட் ஃபேன் மாட்டிவிட்டார். கொடைக்கானலில் நாயுடுபுரத்திலிருந்து எங்கள் வில்பட்டி வரைக்கும் இதை அவர் நிறுத்தி வைத்துச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. உங்களுக்கும் நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அவரே போன் போட்டு, ரிலே என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிப்பார்.

பழைய இரும்பு ஃபேனோடு அவருக்குப் பெரிய பகை. எங்கள் மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பில் அது தண்ணீர் பம்ப்பின் மூக்கில் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். இன்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மார்கழி விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி பிடித்துக் கிடக்கும்போதும் கடமை தவறாமல் விசிறிக்கொண்டிருக்கும். வத்தலக்குண்டிலிருந்து மூட்டையோடு ஏறி, டம்டம் பாறைக்கு முன்னால் செகண்ட் கியரில் வண்டி முக்கும் நேரத்தில்தான் காற்று வேண்டும். அப்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் ஃபேனும் நிதானமாக, யோசித்து யோசித்துச் சுற்றும். மே மாதம் இன்னும் மோசம். பெருமாள்மலையைத் தாண்டினால் வெள்ளி அருவி வரைக்கும் டூரிஸ்ட் கார்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும். அத்தனை பேரும் அருவியைப் போட்டோ எடுக்க, எங்கள் குடும்பம் மட்டும் பானெட்டைத் தூக்கிவைத்து ரேடியேட்டரிலிருந்து வரும் ஆவியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். என் பள்ளிக்கூடத் தோழிகள் அந்தப் பக்கம் பஸ்ஸில் போவார்கள். தவறாமல் போவார்கள்.

ஓடையைக் கடக்கும்போது அந்த ஃபேன் செய்ததைத்தான் அப்பாவால் மன்னிக்கவே முடியவில்லை. மழைக்காலத்தில் எஸ்டேட் ரோட்டில் தண்ணீர் ஃபேன் உயரத்துக்கு வந்துவிட்டால், இறக்கைகள் தண்ணீரைத் தள்ளி முன்பக்கம் வளையும். வளைந்து ரேடியேட்டரிலேயே போய் உரசும். ஒருமுறை அப்படி உரசி ரேடியேட்டரைக் கிழித்து, அவரும் சித்தப்பாவும் இருட்டில் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். வழியில் காட்டுமாடு நின்றதாம். முதலில் ஒன்று நின்றது. இப்போது சித்தப்பா சொல்லும் கதையில் அது மந்தையாகிவிட்டது.

கரன்ட் ஃபேன் என்றால் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஓடையில் இறங்கலாம், அக்கரை ஏறிப் போட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே மாட்டியதாகத்தான் அப்பா சொல்கிறார். ரிட்டயர் ஆனவருக்கு வேறு வேலை இல்லை என்பது அம்மா சொல்லும் காரணம்.

பொங்கல் லீவுக்கு மதுரையிலிருந்து போய் இறங்கினேன். பையை வைப்பதற்குள் கையில் டார்ச்சைக் கொடுத்துவிட்டார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மெக்கானிக் வேலை தெரிந்த அப்பாக்களுக்குப் பிள்ளைகள் பிறப்பதே டார்ச் பிடிப்பதற்குத்தான். “இங்க காட்டு பாப்பா. இங்கன்னா அங்க இல்ல. என் மூஞ்சியில ஏன் அடிக்குற? நான் பாக்குற எடத்துல காட்டு.” அவர் பார்க்கும் இடம் பானெட்டுக்குள் தலையை விட்டிருக்கும் அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் எம்காம் படித்து, பேங்க் பரீட்சை எழுதி, ஒரு கிளையில் மூன்று பேருக்கு மேலதிகாரியாக இருக்கிறேன். அதெல்லாம் வத்தலக்குண்டு செக்போஸ்ட்டோடு சரி.

ஃபேன் எங்கிருந்து வந்தது என்றால், மதுரையில் பழைய சாமான் கடையில், அடிபட்ட ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றி வைத்திருந்ததைப் பிளாஸ்டிக் கூண்டோடு தூக்கி வந்திருந்தார். அந்தக் கூண்டு முக்கியமாம். அது இல்லையென்றால் ஃபேன் தனக்கு நேரே இருக்கும் வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும், ரேடியேட்டரின் நாலு மூலையும் சும்மா கிடக்கும். மேல் தொட்டியில் ஒரு நட்டு வைத்துப் பற்றவைத்து, அதில் சூட்டு ஸ்விட்ச் ஒன்றை முறுக்கியிருந்தார். தண்ணீர் 92 டிகிரியைத் தொட்டால் ஃபேன் ஓடும், 87-க்கு இறங்கினால் நிற்கும். ஓடும்போது 10, 15 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிட நிறைய. அதனால் சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கும் ரிலே, ஃப்யூஸ், தடித்த வயர். இரும்பு ஃபேனைக் கழற்றியதும் சித்தப்பா பெல்ட்டையும் உருவப் போனார். தண்ணீர் பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் யாரை நம்பி ஓடும் என்று அப்பா ஒரு கத்து கத்தினார். எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி வந்திருக்காப்லயா?” என்றார்.

வயரிங் சித்தப்பாவின் பொறுப்பு. முதல் தடவை பேட்டரியில் தொட்டுப் பார்த்ததும் ஃபேன் பிரமாதமாக ஓடியது. அப்பா கிரில்லுக்கு முன்னால் ஒரு பேப்பரைப் பிடித்தார். ஒட்டிக்கொள்ள வேண்டிய பேப்பர் பறந்து போய்ப் பேரிக்காய் மரத்தில் உட்கார்ந்தது. பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தன. காற்றை உள்ளே இழுப்பதற்குப் பதில் ஊருக்கு வீசிக்கொண்டிருந்தது. “ரெண்டு வயரு. ரெண்டே ரெண்டு வயரு” என்று அப்பா யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். சித்தப்பா, “சுத்துச்சுல்லண்ணே, அதச் சொல்லு” என்றார்.

அதற்குள் சித்தப்பாவுக்கு ஒரு சந்தேகம். 7,000 அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 92-ல் ஃபேன் ஓடி என்ன பிரயோஜனம், வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுகிற கதையா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அப்பா தொண்டையைச் செருமுவதற்குள் அம்மா வாசலிலிருந்து பதில் சொன்னார்: “மூடி எதுக்கு இருக்கு? குக்கர்ல விசில் போட்டாத்தான இங்க பருப்பே வேகுது.” அதேதான். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் கொதிநிலையைப் பத்து டிகிரிக்குக் கிட்டத் தூக்கிவிடும், கூலன்ட் ஊற்றினால் இன்னும் கொஞ்சம் ஏறும். அப்பா ஒரு மணி நேரம் விளக்கத் தயாராக இருந்த விஷயம். அம்மா உள்ளே போய் அடுப்பைப் பார்த்தார். அப்பாவின் முகத்தை நான் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

எல்லாம் மாட்டியாயிற்று. வண்டியைக் கிளப்பி எல்லாரும் சுற்றி நின்றோம், ஃபேன் ஓடுவதைப் பார்க்க.

ஓடவில்லை.

சூடு காட்டும் முள் 80-க்குக் கொஞ்சம் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. தை மாசக் குளிர், பனி வேறு இறங்குகிறது, டீசல் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடினால் எங்கே சூடாகும்? எதிர்வீட்டு அத்தை ஸ்வெட்டரோடு வந்தார். பால்காரர் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு டீ முடிந்தது. அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தார், முள்ளைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் சாக்கை மடித்து ரேடியேட்டரின் முகத்தை மூடினார். ரேடியேட்டரைக் குளிர வைப்பதற்காக ஒரு மாதமாக மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் அலைந்தவர், அதைச் சூடேற்றச் சாக்குப் போர்த்திவிட்டு நிற்கிறார். முள் 88 வரை வந்தது. “வருது, வருது” என்றார் பால்காரர். அந்த நேரம் பார்த்து டீசல் தீர்ந்தது.

மறுநாள் பூம்பாறைக்குப் போய் மாமா வீட்டிலிருந்து பூண்டு மூட்டைகளை ஏற்றி வருவது என்று முடிவானது. பூண்டு வெறும் சாக்குப்போக்குத்தான். மூட்டையோடு மேட்டில் ஏறினால் வண்டி சூடாகியே தீரும் என்பது கணக்கு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தவர்கள், அதை ஃபேன் டெஸ்ட் பண்ணவும் பயன்படுத்தலாம் என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். திரும்பி ஏறும் வழியெல்லாம் அப்பா ரோட்டைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தார். மோயர் பாயின்ட் பக்கம் எதிர்க்காற்று அடித்து, முள் இறங்கவே செய்தது. “காத்து நல்லா வருதுல்லப்பா, நல்லதுதான” என்றேன். அவர் பேசவில்லை.

வில்பட்டி வந்து வண்டியை நிறுத்தினார். சாவியை எடுத்தார். மூட்டை இறக்க நானும் சித்தப்பாவும் பின்பக்கம் போனோம். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் போய் மஃப்ளரைக் கழற்றினார். அம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து கிரில் பக்கமாக நின்று, எத்தனை மூட்டை என்று எட்டிப் பார்த்தார்.

ங்ஙொய்ய்ய்ங்.

இன்ஜின் நின்றதும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். இரும்பில் தேங்கிய சூடு முழுக்க நின்ற தண்ணீரில் இறங்கி, கொஞ்ச நேரத்துக்கு முள் ஏறத்தான் செய்யும். அதற்காகவே அப்பா சாவியை நம்பாமல் நேராக பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுத்திருந்தார். இதெல்லாம் எனக்கு அப்புறம் சொல்லப்பட்டது. அம்மாவுக்கு அந்த நொடியில் தெரிந்ததெல்லாம், இருட்டில் செத்துக் கிடந்த வண்டி உயிர் வந்து முந்தானையை உள்ளே இழுக்கிறது என்பதுதான். அவர் போட்ட கூச்சலில் நாலு வீட்டில் விளக்கு எரிந்தது. அப்பா ஒரு கால் செருப்போடு ஓடி வந்தார். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வருகிறார் என்று நம்பினேன். “ஓடுதா? ஓடுதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அம்மாவைத் தோளில் பிடித்து நகர்த்திவிட்டு பானெட்டில் காதை வைத்தார்.

இரண்டு நாள் அம்மா அவரோடு பேசவில்லை. முந்தானைக்காக என்றுதான் நான் நினைத்தேன். அது இல்லையாம். பழைய ஃபேன் போட்ட இரைச்சல் கோயில் வளைவிலேயே வீட்டுக்குக் கேட்கும். இத்தனை வருஷமாக அந்தச் சத்தம் கேட்டுத்தான் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார். வண்டி வாசலுக்கு வந்து, அப்பா கை கழுவி உட்கார்ந்தால், முதல் தோசை தட்டில் விழும். எனக்கே இது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. தோசை தானாகச் சரியான நேரத்துக்கு வருகிறது என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறார் மனுஷன். இப்போது வண்டி பூனை நடையில் வந்து நிற்கிறது. அடுப்பில் கல் இல்லை. “திருடன் மாதிரி வந்து நின்னா எனக்கு எப்படிங்க தெரியும்?” என்று அம்மா கேட்டார்.

அப்பா யோசித்தார். ஃபேனை மாற்றவா முடியும்? வளைவில் ஹாரன் அடித்துப் பார்த்தார், தெரு நாய்களெல்லாம் ஓடி வந்தன. போன் பண்ணலாமென்றால் அம்மா போனை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு அதோடு மறந்துவிடுவார். ஆகவே அவரே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். வளைவில் வண்டியை நிறுத்தி மதுரையில் இருக்கும் எனக்குப் போன் பண்ணுகிறார். நான் எதிர்வீட்டு அத்தைக்குப் பண்ண வேண்டும். அத்தை வாசலுக்கு வந்து, “ஏ மதினி, கல்லப் போடு” என்று குரல் கொடுக்க வேண்டும்.

நேற்று வட்டார மேனேஜரோடு மீட்டிங். எட்டு மணியாகியும் முடிகிற வழியைக் காணோம். போன் அதிர்ந்தது. எடுக்காமல் விட்டால் அங்கே மனுஷன் பனியில், வளைவிலேயே நிற்பார்.

“சார், ஒரு நிமிஷம். வீட்ல அவசரம்” என்று வெளியே வந்தேன்.

“பாப்பா, வளைவுக்கு வந்துட்டேன். இன்னைக்கு ஊத்தப்பமான்னு கேளு.”