டி.சி.க்கு மூன்று நாள் அலைச்சல்: பயோகெமிஸ்ட்ரிக்குக் கணக்குப் போட்ட கதை

எந்தக் கல்லூரியானாலும் சரி, ஒரிஜினல் டி.சி.யைக் கையைவிட்டுக் கொடுக்கும் முன் நாலு நாள் பொறுங்கள். நான் பொறுக்கவில்லை. மாங்காய் அறுப்பு நடக்கிற நேரத்தில் தோப்பை விட்டுவிட்டு மூன்று நாள் ஒரு கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். மகள் பிளஸ் 2வில் நல்ல மார்க்தான். நீட் எழுதிவிட்டு வெளியே வரும்போதே "வராதுப்பா" என்று சொல்லிவிட்டாள். அந்த வாரமே ஒரு தனியார் கல்லூரியிலிருந்து போன் வர ஆரம்பித்தது, பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியில் (உயிர்வேதியியல்) சேரச் சொல்லி. நம்பர் எப்படிக் கிடைத்ததோ. "அண்ணா, பயோகெமிஸ்ட்ரி மெடிக்கல் சைடுங்கண்ணா. முடிச்ச உடனே ஹாஸ்பிடல் லேப்ல வேலை. சீட்டு ரெண்டுதான் இருக்கு." டாக்டர் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிப் பக்கமாவது போகட்டுமே என்று ஐந்தாயிரம் அட்வான்ஸ் கட்டி, டி.சி., மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே கொடுத்துவிட்டு வந்தேன். நடுவில் மகள் அரசு கல்லூரிக்கும் ஆன்லைனில் போட்டு வைத்திருந்தாள். விண்ணப்பக் கட்டணம் 48, பதிவுக்கு 2, மொத்தம் 50 ரூபாய். அதை நான் பெரிதாக நினைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். முன்னாடியே போட்டிருக்க வேண்டியது. வருஷ ஃபீஸ் 32 ஆயிரம் என்றார்கள். பஸ்ஸுக்கு 16 ஆயிரம் தனி. தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, லேப் கோட்டு என்று இன்னொரு ஐந்தாயிரம். மூன்று வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. "புதுமைப் பெண் பணம் வருமே, ஃபீஸ் குறைஞ்ச மாதிரிதானே" என்றும் சொன்னார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு மாதம் 1000 வருவது உண்மை. ஆனால் அது எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் வரும் பணம், இவர்கள் தருகிற சலுகை இல்லை.

சரி, வேலை? எங்கள் தெருவில் ஒரு பெண் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்து ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது மகளோடு போய்க் கேட்டேன். "லேப் டெக்னீசியன் வேலைக்குப் போனா டி.எம்.எல்.டி., அதாவது லேப் டெக்னாலஜி டிப்ளமோ, இருக்கான்னுதான் கேக்கறாங்க மாமா. அது பிளஸ் 2 முடிச்சே சேரலாம். அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் லேப் டெக்னாலஜி படிச்சவங்களைத்தான் எடுப்பாங்க." அவளுக்கு ஆரம்பச் சம்பளம் 14 ஆயிரம், அதில் ரூம் வாடகை, சாப்பாடு போக மிச்சம் சொற்பம்.

படிப்பைக் குறை சொல்லவில்லை அவள். என்சைம், மெட்டபாலிசம் என்று பேச ஆரம்பித்தால் என் மகளுக்குக் கண் விரிந்துவிட்டது. ஆனால் மூன்று வருஷத்தோடு நிறுத்தினால் பாதி வழியில் இறங்கின மாதிரி என்றாள். எம்.எஸ்சி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் லைஃப் சயின்ஸ் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சித் தகுதி வாங்கினால் மாதம் 37 ஆயிரம் உதவித்தொகையோடு ஆராய்ச்சிக்குப் போகலாம். அதற்குக் குறைந்தது ஐந்து வருஷப் படிப்புக்குப் பணம் வேண்டும், அதன்பிறகு அந்தத் தேர்வும் கைகூட வேண்டும். இன்னொன்றும் சொன்னாள். கெமிஸ்ட்ரி படித்தவர்களையும் பல பல்கலைக்கழகங்கள் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரிக்கு எடுத்துக்கொள்கின்றன, துணைப்பாடமாக உயிரியல் எடுத்திருந்தால் நல்லது என்று. அந்த வார்த்தைதான் எங்களைத் திருப்பியது.

சொல்லி வைத்த மாதிரி அரசு கல்லூரியில் கெமிஸ்ட்ரி கவுன்சலிங்குக்கு வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். ஒரிஜினல் டி.சி. இல்லாமல் வராதே என்றார்கள்.

டி.சி.யைத் திரும்ப வாங்க அந்தத் தனியார் கல்லூரிக்குச் செவ்வாய்க்கிழமை போனேன். சூப்பரிண்டெண்ட் லீவு, பீரோ சாவி அவரிடம். புதன்கிழமை போனேன். சாவி இருந்தது, பிரின்சிபால் இல்லை. "சீட்டை வேஸ்ட் பண்ணிட்டீங்க, ஒரு வருஷ ஃபீஸைக் கட்டிட்டு வாங்கிக்கங்க" என்றார் கிளார்க், என் முகத்தைப் பார்க்காமலே. படியில் உட்கார்ந்து அழாத குறை. பக்கத்து டீக்கடையில் ஒரு பையன், பேப்பரில் எழுதிக் கொடுங்கண்ணா, சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைக்கக் கூடாதென்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018லேயே சொல்லியிருக்கிறது என்றான். மகளே எழுதினாள், ஒரு பக்கம்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கெல்லாம் மனுவோடு நின்றேன். சண்டை போடவில்லை. "வாங்கிக்கிட்டதுக்கு இந்த நகல்ல ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுங்க சார்" என்றேன். சீல் போடவில்லை. கால் மணி நேரத்தில் கவரோடு டி.சி. வந்தது. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஜாதிச் சான்றிதழ் இல்லை. அதற்கு இன்னொரு கால் மணி நேரம். எண்ணாமல் வாங்கிவிடாதீர்கள்.

அரசு கல்லூரியில் பதினொன்றரைக்குள் எல்லாம் முடிந்தது. மொத்தம் மூவாயிரத்துக்குள்தான் கட்டினேன்.

அட்வான்ஸ் ஐந்தாயிரம் இன்னும் வரவில்லை. போன வாரம் கேட்டதற்கு, அக்கவுண்டண்ட் லீவாம்.