புத்தகுப்தன் கல்லுக்கு எந்த ஊர்?

சில வாரங்களாக, பினாங்கில் வீட்டிலிருந்தபடியே மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லியல் தளங்களை விக்கித்தரவில் ஏற்றி வருகிறேன். 2012இல் தொடங்கப்பட்ட இத்திறந்த தரவுக்களத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உருப்படி உண்டு. அதன்கீழ்க் கூற்றுகளும், அவற்றுக்குச் சான்றாக மேற்கோள்களும் வரும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், "இது எங்கே இருக்கிறது?" என்ற முதற்கேள்வியிலேயே நான் தடுமாறினேன்.

அப்பள்ளத்தாக்கிலுள்ள மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தபோது, பெண்டியாட் சண்டி என்ற பழங்கோயிலின் அருகில் நின்று, கைப்பேசி காட்டிய ஆயத்தொலைவை அப்படியே பதிவு செய்துவிட்டேன். அக்கோயில் வேறோர் இடத்தில் கண்டெடுக்கப்பட்டு, பிரித்தெடுத்து வரப்பட்டு, அங்கே மீண்டும் அடுக்கப்பட்டது என்பது பிறகுதான் உறைத்தது. வரைபடத்தில் என் புள்ளி, பழங்காலத்தார் வழிபட்ட நிலத்தைக் காட்டாமல் செங்கற்களின் இன்றைய முகவரியைக் காட்டிக்கொண்டிருந்தது. அகழ்ந்த தளத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனி உருப்படி அமைத்து இரண்டையும் இணைத்த பிறகே மனம் ஆறியது. அதே வளாகத்தின் அருகிலுள்ள புக்கிட் பத்து பகாட் சண்டி தன் சொந்த இடத்திலேயே நிற்பதால் அதற்கு இச்சிக்கல் இல்லை.

புத்தகுப்தன் என்ற மாநாவிகனின் (கப்பல்தலைவனின்) கல்வெட்டு இதைவிடத் தெளிவான பாடம். பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் லோ 1834இல் அதைக் கண்டெடுத்தது இங்கே, பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில். கல் இன்று இருப்பதோ கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில். கல்லில் பேசப்படும் இரத்தமிருத்திகை அந்தக் கப்பல்தலைவனின் ஊர். கண்டெடுத்த இடம், இப்போதுள்ள இடம், கல்லில் குறிக்கப்படும் இடம் ஆகிய மூன்றையும் ஒரே கட்டத்தில் திணித்தால், செபராங் பிறையின் தொல்பொருள்களைத் தேடுபவர் கண்ணில் அக்கல் படாமலே போய்விடும்.

காலக்கணிப்பிலும் இதே கவனம் வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்து தளத்துக்குக் கி.மு. 788 என்ற காலம் சொல்லப்பட்டது. ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. நம் கடாரத்தின் (கெடாவின்) தொன்மை மீதுள்ள பற்றினால் ஓர் எண்ணை மட்டும் நிறுத்தி மற்றவற்றை நீக்குவது சரியன்று. மாறுபடும் கணிப்புகளை, சொன்னவர் யார், எதை வைத்துச் சொன்னார் என்ற விவரங்களுடன் அருகருகே பதிவு செய்ய விக்கித்தரவு இடம் தருகிறது.

நான் மிகுந்த நேரம் செலவிட்டது 11ஆம் தளத்தில். அங்கிருந்த பழங்கோயிலின் எச்சம் 2013இல் நிலமேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்ட செய்தியைப் படித்த நாளின் வலி இன்னும் ஆறவில்லை. இல்லாத ஒன்றுக்கு உருப்படி எதற்கு என்று ஒரு பங்களிப்பாளர் கேட்டார். இல்லாமற்போனதனால்தான் அது வேண்டும் என்று பதில் எழுதினேன். தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1930களில் தளங்களுக்கு இட்ட வரிசை எண்ணையும், இடிக்கப்பட்ட ஆண்டையும் சேர்த்தேன். தமிழ்ப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. அதையும் நிரப்பிச் சேமித்தேன்.