எக்ஸ்ஒய் ஃபால்கனுக்கு 2வி ஹெட்: இதுவரை நடந்த வேலை

என் ஃபோர்டு எக்ஸ்ஒய் ஃபால்கன் காருக்காக ரொம்ப நாளாகத் தேடிய 2வி ஹெட் (இன்ஜின் சிலிண்டர்களின் மேல் மூடி, வால்வுகள் இருக்கும் பகுதி) ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. பழைய ஃபால்கன் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1970-இல் ஆஸ்திரேலியாவில் எக்ஸ்ஒய் ஃபால்கன் வந்தபோது, 250 கன அங்குல, அதாவது 4.1 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். சாதாரண 250-க்கு 155 குதிரைத்திறன். இரட்டை பேரல், அதாவது காற்றுக்கு இரண்டு குழல் உள்ள, ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) வைத்த 250-2வி-க்கு 170.

வெறும் 15 குதிரைத்திறனுக்கா இந்த அலைச்சல் என்று கேட்பவர்கள் சாதாரண ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதில் இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய், தனி உருப்படி கிடையாது, ஹெட்டோடு ஒரே வார்ப்பாக, முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும் நீளக் குழாய் அது, நடுவில் ஒரே கார்புரேட்டர். 3, 4-ஆம் சிலிண்டர்களுக்குக் கலவை வேண்டிய மட்டும் கிடைக்கும். 1-க்கும் 6-க்கும் தெருக்குழாயில் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வருகிற கதைதான். என் வண்டியின் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தபோது நடு இரண்டிலும் கரி படிந்திருந்தது, ஓரத்து இரண்டில் பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கார்புரேட்டரை எப்படித் திருகினாலும் நடுவுக்குச் சரியானது ஓரத்துக்குப் போதவில்லை. 2வி-யில் மேனிஃபோல்டு தனியாகக் கழன்று வரும், ஆறு போர்ட்டுக்கும் (ஹெட்டுக்குள் சிலிண்டருக்குப் போகும் வழி) கலவை கொஞ்சம் நியாயமாகப் போய்ச் சேரும். அமெரிக்காவில் ஆறு சிலிண்டர் மஸ்டாங் வைத்திருப்பவர்கள்கூட இந்த ஹெட்டை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்ததற்குக் காரணம் இதுதான்.

சரி, வந்த ஹெட்டின் நிலைமை. விரிசல் சோதனையில் தேறிவிட்டது, அதுவே பெரிய நிம்மதி. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள்தான் (புகையை வெளியேற்றும் வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பு) தேய்ந்து உள்ளே இறங்கியிருந்தன. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்த ஈயமே சீட்டின் மேல் மெல்லிய படிவமாக இருந்து காப்பாற்றியது. 2002-க்கு அப்புறம் ஆஸ்திரேலியாவில் அது கிடையாது, வெறும் வார்ப்பிரும்பு மேல் வால்வு அடித்து அடித்துப் பள்ளமாகும். பட்டறையில் கொடுத்து ஆறுக்கும் கடினமான சீட் வளையம் இறக்கியாயிற்று.

அப்புறம் சேம்பர் அளவு, அதாவது ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே கலவை எரியும் குழியின் கொள்ளளவு. ஹெட்டைக் கவிழ்த்து, வால்வு, பிளக் எல்லாம் பூட்டி, துளை போட்ட பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகடை கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து சாயம் கலந்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கடைசிக் காற்றுக்குமிழி துளைக்கு வந்து மறையும் வரை பொறுமை வேண்டும். ஐந்து சேம்பர்கள் 62 சிசி-யை ஒட்டி வந்தன, ஆறாவது மட்டும் 65. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு சிலிண்டர் 681 சிசி, பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது சேம்பரோடு, ஹெட்டுக்கு அடியில் வரும் கேஸ்கெட் முதலிய இடமும் சேர்த்து மிஞ்சும் மொத்த இடம் 82 சிசி என்றால் கம்ப்ரஷன் (கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கு) 9.3, அது 85 ஆனால் 9.0. கலவையைச் சமமாகக் கொடுக்கத்தான் இத்தனை பாடு, கம்ப்ரஷன் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறினால் என்ன பயன்? அதனால் மற்ற ஐந்தையும் கிரைண்டரால் லேசாகத் தேய்த்து ஆறாவதோடு சமமாக்கி, கூடிப்போன அளவை ஹெட்டின் அடிமுகத்தைச் சீவிக் குறைத்தோம்.

போர்ட்டுகளை அகலப்படுத்தச் சொல்லிப் பலர் சொன்னார்கள். தெருவில் ஓட்டும் வண்டிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. போர்ட் பெரிதானால் குறைந்த வேகத்தில் காற்றோட்டம் மந்தமாகிவிடும். சீட்டுக்குக் கீழே, மெஷின் வெட்டும் வார்ப்பும் சேரும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் விளிம்பு ஒன்று உண்டு, அதை மட்டும் வழவழப்பாக்கினேன்.

இப்போது ஹெட் பெட்டியில் சுற்றி வைத்திருக்கிறது. அடிமுகம் சீவியதால் புஷ் ராட் (கீழிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) அந்த அளவுக்கு நீளமாகத் தெரியும், ராக்கர் (வால்வை அமுக்கித் திறக்கும் நெம்பு) வால்வு முனையின் நடுவில் உட்காருகிறதா என்று மார்க்கர் மை தடவிப் பார்த்துவிட்டுத்தான் புது கேஸ்கெட்டைப் பிரிப்பேன்.