சுத்தியலும் இசைக்கவையும்: நரம்பு மண்டலக் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

கால் மரத்துப்போகிறது என்று ஒருவர் வந்தால், நோயின் பெயரைத் தேடுமுன் பழுது எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். மூளையா, தண்டுவடமா, அதிலிருந்து கிளம்பும் வேரா, காலுக்குள் ஓடும் நரம்பா?

மூளையோடு சேர்ந்தவை 12 ஜோடி நரம்புகள். தண்டுவடத்தோடு சேர்ந்தவை 31 ஜோடி. கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்பில் 5, வாலெலும்பில் 1. கழுத்து முள்ளெலும்புகள் ஏழே. முதல் எலும்புக்கு மேலே ஒரு ஜோடி, ஏழாவதற்குக் கீழே ஒரு ஜோடி என்று வெளியேறுவதால் நரம்பு எட்டாகிவிடுகிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் பெரும்பாலும் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். கீழே தொங்குவது வேர்க்கற்றைதான். முதுகுத்தண்டு நீர் எடுக்கும் ஊசியை 3-4 அல்லது 4-5ஆம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே செலுத்துவது இதனால்தான்.

மார்ச் 5, புதன்

முழங்கால் அனிச்சை: தட்டியதும் கால் தானாக உதறுவது. கால் தரையில் படாமல் தொங்க வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே விரலால் தடவினால் தசைநாண் பட்டையாகத் தட்டுப்படும். சுத்தியலை அதன் எடையிலேயே விழ விடுங்கள்; அழுத்தி அடிக்கக் கூடாது. பார்வை பாதத்தில் அல்ல, தொடையில் இருக்கட்டும்: கால் ஆடாவிட்டாலும் தொடைத்தசை சுருங்குவது தெரியும்.

தட்டியதும் தொடையின் முன்தசை ஒரு கணம் இழுபடுகிறது. தசைக்குள் இருக்கும் கதிர் வடிவ உணரிகள் அதை உணர்ந்து, தண்டுவடத்தின் 2 முதல் 4 வரையிலான இடுப்புப் பகுதிகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கே ஒரே ஒரு இணைப்பு. மறுபுறம் தசையைச் சுருங்கவைக்கும் இயக்க நரம்பணு. இன்னொரு கிளை இடைநரம்பணு வழியாகப் பின்தொடைத் தசையை அடக்குகிறது. மூளைக்கு இதில் நேரடி வேலை இல்லை. ஆனால் மேலிருந்து அது கடிவாளம் பிடித்திருக்கிறது.

அதனால்தான் இந்தச் சோதனை இவ்வளவு பேசுகிறது. வேரோ நரம்போ கெட்டால் அனிச்சை குறையும், தசை தொய்யும், நாளடைவில் சூம்பும். மேலிருந்து வரும் பாதை கெட்டால் அனிச்சை மிகையாகும், தசை விறைக்கும், உள்ளங்காலின் வெளிவிளிம்பில் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி வளையும். ஒரு பொறி உண்டு: தண்டுவடம் திடீரென அடிபட்ட முதல் நாட்களில், சில சமயம் வாரக்கணக்கில், அடிபட்ட இடத்துக்குக் கீழே அனிச்சைகள் அடங்கிக் கிடக்கும்.

அனிச்சை வரவில்லையா? இரு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லி, அதே நொடியில் தட்டுங்கள். பலருக்கு வந்துவிடும்.

மார்ச் 6, வியாழன்

நரம்புச் செய்தியின் வேகம். மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய தடித்த இழைகளில் நொடிக்கு 120 மீட்டர் வரை. உறையில்லாத மெல்லிய வலி இழைகளில் 0.5 முதல் 2 மீட்டர். கால்விரல் இடித்துக்கொண்டால் சுரீர் என்ற வலி முதலிலும், மந்தமான எரிச்சல் பிறகும் வருவது, உறை உள்ள வலி இழைக்கும் உறையில்லாததற்கும் உள்ள வேக வித்தியாசத்தால்.

மார்ச் 9, ஞாயிறு

பாதைகள் எங்கே பக்கம் மாறுகின்றன என்பது தெரியாமல் இடம் குறிக்க முடியாது. இயக்கப் பாதையின் பெரும்பகுதி, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் குறுக்கே கடக்கிறது. அதிர்வுணர்வும் முகுளம் வரை அதே பக்கத்தில் ஏறித்தான் மாறுகிறது. வலியும் வெப்பமும் மட்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்து ஓரிரு பகுதிகளுக்குள்ளேயே மறுபக்கம் போய்விடுகின்றன.

தண்டுவடத்தின் வலப்பாதி மட்டும் வெட்டுப்பட்டால்? காயத்துக்குக் கீழே வலக்காலில் பலமும் அதிர்வுணர்வும் போகும். இடக்காலில் வலியும் சூடும் தெரியாது. பிரௌன்-செக்கார் என்ற மருத்துவர் விவரித்த இந்தக் கோலம் முழுமையாகக் கிடைப்பது அபூர்வம், பாதிப்பாதியாகவே தென்படும். ஆனாலும் ஒரு காலில் பலவீனம், மறு காலில் ஊசிக்குத்து தெரியவில்லை என்றால் தண்டுவடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

நீரிழிவில் நீளமான இழைகளே முதலில் அடிபடும். ஆகவே மரத்துப்போவது இரு பாதங்களிலும் தொடங்கி, காலுறை அளவுக்கு மேலேறும். சோதிக்க 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை. தட்டி, பெருவிரல் நுனியெலும்பின் மேல் வையுங்கள், கண் மூடியிருக்கட்டும். "குளிர்கிறதா" என்று கேட்காதீர்கள், "அதிர்வு எப்போது நிற்கிறது" என்று கேளுங்கள். பிறகு, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை: வளையும்வரை அழுத்தி, ஓரிரு நொடி பிடித்து எடுக்க வேண்டும். காய்ப்பு ஏறிய தோலில் வைத்தால், நரம்பு நன்றாக இருந்தாலும் தெரியவில்லை என்றே பதில் வரும்.